எங்கள் அத்தான் பேசி முடித்த ஒப்பந்தம்

என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிற சிவானந்தனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிற சாட்டில் நான் நழுவிவிடுவேன். லண்டன் மனோர் பார்க்கில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை. இது அவரே சொல்வது. பொய்யென்றும் தள்ளமுடியாது, ஒவ்வொரு விழாவிலும் முன்வரிசை நடுக்கதிரையில் ஒரே ஆள் இருந்தால் கண்ணில் படாமல் எப்படிப் போகும். பழைய மாணவர் சங்கத்துக்குக் காப்பாளர். முதியோர் மன்றத்துக்கு இணைத் தலைவர். ஒரு நடனப் பள்ளிக்குக் கௌரவ ஆலோசகர். நடனத்தில் அவருக்குத் தெரிந்தது அரங்கேற்ற மேடையில் ஏறிப் பொன்னாடை வாங்குவது மட்டும்தான்.

எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து இறங்கியவர். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்தார். பிறகு ஈஸ்ட் ஹாமில் இரண்டு பேரோடு கூட்டாகப் பலசரக்குக் கடை போட்டார். கடையில் தன் பங்கை விற்று இரண்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டார். இதில் ஒரு குறையும் இல்லை, எத்தனையோ பேர் இப்படித்தான் முன்னுக்கு வந்தார்கள். அத்தானுக்கு அது போதாது. பெற்றோல் ஸ்டேஷனை அவர் 'எரிபொருள் துறை' என்பார். கடையை 'இறக்குமதி' என்பார். வாடகைக்கு விட்ட வீட்டில் சுவர் ஈரம் ஊறி உதிர்கிறது என்று குடியிருந்தவர்கள் கவுன்சிலுக்கு முறைப்பாடு போட்டார்கள். அதைக்கூட அவர், "கவுன்சிலோட ஒரு பேச்சுவார்த்தை நடக்குது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய உண்மையான தொழில் பேச்சு. அதிலும் கலியாணப் பேச்சு. காசு வாங்கமாட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வேண்டியது காசல்ல, கலியாண மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்தவன் "இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த பெருந்தகை" என்று அவர் பெயரைச் சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்துக்காக அவர் எதையும் நாக்கூசாமல் அளந்துவிடுவார். சுப்பர்மார்க்கெட்டில் தட்டு அடுக்குகிற பொடியன் அவர் வாயில் மனேஜ்மென்ட். லிஃப்ட் திருத்துகிறவன் எஞ்சினியர். முப்பதாயிரம் எடுக்கிறவன் அறுபதாயிரம் எடுக்கிறவன்.

என் கலியாணத்தையும் அவர்தான் பேசினார். மாப்பிள்ளை விஜயரத்தினம் சுவிஸில் ஹோட்டல் நடத்துகிறார் என்று என் அப்பாவுக்குச் சொன்னார். அப்பா விவரம் தெரிந்தவர். பாதியைக் கழித்துவிட்டு, ஹோட்டலில் சமையல்காரனாகவாவது இருப்பான் என்று கணக்குப் போட்டு என்னை அனுப்பிவைத்தார். நான் போய் இறங்கினால், மாப்பிள்ளை அந்த ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தார். நாலில் மூன்றைக் கழித்திருக்கவேண்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு பொய்யாகவே எடுபடுவதில்லை. சொல்லுகிறவர் கூட்டிச் சொல்லுவார், கேட்கிறவர் குறைத்துக் கேட்பார், நடுவில் எங்கோ உண்மை நிற்கும். ஒருவரும் ஒருவரையும் பொய்யன் என்று சொல்லமாட்டார்கள். சபையில் வைத்துச் சொன்னால் அது கொலைக்குச் சமம். இந்தக் கழித்தல் கணக்கு வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. அவன் எழுதியிருப்பதை எழுதியிருப்பதாகவே வாசிப்பான். இது அத்தானின் மண்டைக்குள் முப்பத்தைந்து வருஷமாக ஏறவில்லை.

எங்கள் மகன் லதீசன் சுவிஸில் பிறந்தவன். பேர்ண் பக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு எதிரே ஐஸ் ஹொக்கி ரிங்க். நடக்கப் பழகிய கையோடு ஸ்கேட்டில் ஏறிவிட்டான். நன்றாக வந்துகொண்டிருந்த நேரத்தில், "லண்டனுக்கு வா, இஞ்சை தமிழரா வாழலாம்" என்று அத்தான் போனில் சொன்னார். என் கணவர் அண்ணன் சொன்னதைக் கேட்டு, நிரந்தர வேலையை விட்டுவிட்டு எங்களைக் குட்மேய்ஸுக்குக் கொண்டுவந்தார். தமிழராக வாழ்ந்த அழகு என்னவென்றால், அவர் டகன்ஹாமில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை, நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை.

லண்டனில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிற தமிழ்ப் பிள்ளை என்றால் எங்கள் சனம் ஒரு மாதிரிப் பார்க்கும். கிரிக்கெட் தெரியும், உதைபந்தாட்டம் தெரியும். இது என்ன, தடியைக் கொண்டு சறுக்கி ஓடி ஆளையாள் சுவரில் இடிக்கிறது என்று கேட்பார்கள். விடிய முன்னம் அவனைப் பயிற்சிக்கு ஏற்றிப்போவது நான். அவன் உடுப்புப் பையின் நாற்றம் காரை விட்டுப் போகவே போகாது. கோடைக்காலத்தில் கண்ணாடியைத் திறந்துவைத்தும் வயிற்றைப் பிரட்டும். அந்த வருஷங்களில் எல்லாம் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா. "ஐஸில சறுக்கிறதும் ஒரு படிப்போ? பொடியனை அக்கவுண்டன்சிக்கு விடுங்கோ." ஒரு ஆட்டத்துக்கு வந்து பார்த்ததில்லை. குளிராம்.

லதீசனுக்கு இருபது வயது ஆனபோது கிழக்கு லண்டனில் ஒரு தொழில்முறைக் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. மானேஜர் டெரன்ஸ் தானே போன் எடுத்தார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர் எல்லாருக்கும் சேர்த்துச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று போட்டிகளை நடத்தும் லீக் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதில் ஒரு பவுண் கூடினாலும் கிளப்புக்குப் புள்ளி வெட்டுவார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம், முதல்முறை ஒப்பந்தம் செய்கிற பொடியனுக்கானது. அதற்குச் சம்பளம் வாரம் முன்னூற்றைம்பது பவுண். கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. இருபத்தொரு வயதுக்குப் பிறகு அந்த இடத்துக்கு எவரையும் எடுக்கமுடியாது. லதீசனுக்கு இருபத்தொன்று ஆக இன்னும் சில மாதங்களே இருந்தன. இந்த வருஷம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் தகப்பனோடு கிடங்கில் பெட்டி தூக்கவேண்டியதுதான்.

"அம்மா, இது ஸ்டாண்டர்ட் கொன்ட்ராக்ட்" என்றான் லதீசன். "பேசுறதுக்கு ஒண்டுமில்லை. நாளைக்கே சைன் பண்ணலாம்."

என் கணவர் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்ணையைக் கேக்காமல் கையெழுத்து வைக்கேலாது."

"உதிலை அண்ணைக்கு என்ன விளங்கும்?" என்று நான் கேட்டேன்.

"பேச்செண்டால் அண்ணைதான். நீர் சும்மா இரும்."

மனுசன் எனக்கு ஒரு நாளும் கை ஓங்கியவரில்லை, குடிக்கிறவரில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருகிறவர். இப்படிப்பட்டவரைப் பற்றி வெளியில் யாரிடமும் முறையிட முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல். அண்ணன் என்று வந்தால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்.

பேச்சுக்கு அத்தான் கோட் சூட் போட்டு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். கிளப் ரிங்குக்கு மேலே இருந்த சின்ன அறை. டெரன்ஸ் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அத்தான் கையை உயர்த்தி வேண்டாம் என்றார், பேச்சு முடியாமல் அந்த வீட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். நாங்கள் நாலு பேரும் தொண்டை காய இருந்தோம். டெரன்ஸ் வெள்ளைப் பலகையில் வரம்பு எவ்வளவு, மற்ற ஆட்டக்காரர்களுக்குப் போவது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எழுதிக் காட்டினார். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அத்தான் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"முதல்ல எல்லாரும் உப்பிடித்தான் துடங்குவினம். பொம்பிளை வீட்டுக்காரரும் கையிலை ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவினம். கடைசியிலை வீடும் வரும், நகையும் வரும்."

பிறகு டெரன்ஸைப் பார்த்து, இரண்டு மடங்கு வேண்டும் என்றார். டெரன்ஸ் பலகையைக் காட்டினார். அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இதுவும் ஒரு முறை, பேசாமல் இருந்தால் எதிராளி பயந்து ஏற்றிச் சொல்லுவான் என்று. டெரன்ஸ் பயப்படவில்லை, தன் போனைப் பார்த்தார். கடைசி ஆயுதமாக அத்தான் கதிரையைத் தள்ளிவிட்டு விறுக்கென்று எழும்பினார். சம்பந்தம் முறியப்போகிறது என்று பெண்வீட்டார் ஓடிவந்து கையைப் பிடிக்கும் இடம் அது. டெரன்ஸ் மரியாதையாக, "வலதுபக்கம் இரண்டாவது கதவு" என்று கழிவறைக்கு வழி சொன்னார். அத்தான் வேறு வழியில்லாமல் போய், சிறிது நேரம் உள்ளே நின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார்.

அவர் இல்லாத அந்த நேரத்தில்தான் உண்மையான பேச்சு நடந்தது. விழுந்து முழங்கால் போனால் வைத்தியச் செலவு யாருடையது என்று நான் கேட்டேன். கிளப்புடையது என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் போடமுடியுமா என்று லதீசன் கேட்டான். டெரன்ஸ் யோசித்துவிட்டு, சரி என்றார். அத்தான் திரும்பி வந்து கேட்டது இரண்டே விஷயம். ஆட்டக்காரனின் முகவர் என்ற இடத்தில் தன் பெயர் வரவேண்டும். டெரன்ஸோடு கைகுலுக்குகிற மாதிரி ஒரு படம் வேண்டும். இரண்டும் கிடைத்தன. முகவர் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தை என் கணவர் போட்டார். சம்பளம் ஒரு பென்னியும் கூடவில்லை. லீக்கில் பதிவானதும் ஒப்பந்தம் செல்லுபடியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வரும்போது காரில் அத்தான் சொன்னார், "பாத்தியளே, எழும்பின உடனை ஆள் இறங்கி வந்திட்டான்."

லதீசன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சனியன், அதோடு விட்டிருக்கலாம்.

அடுத்த கிழமை தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாதப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை டொக்டருக்கு எடுபட்டால், வீடு வாங்கினால், அறுபதாம் கலியாணம் என்றால், பத்திரிகையில் படத்தோடு வாழ்த்துப் போடவேண்டும். வாழ்த்துகிறவரின் படம் வாழ்த்தப்படுகிறவரின் படத்தை விடப் பெரிதாக இருக்கும். அப்படித்தான் இருந்தது. மேலே அத்தானும் டெரன்ஸும் கைகுலுக்குகிறார்கள். மூலையில் என் பிள்ளை கிளப் ஜேர்சியோடு. நடுவில் கொட்டை எழுத்தில்: 'சர்வதேச ஐஸ் ஹொக்கி நட்சத்திரம் லதீசன் ஆண்டுக்கு £120,000 ஊதியத்தில் ஒப்பந்தம். பேசி முடித்துக் கொடுத்தவர் சமூகத் தூண் சிவானந்தன் அவர்கள்.'

நான் கடையிலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கிழித்து என்ன, இல்ஃபோர்ட் தொடக்கம் டூட்டிங் வரைக்கும் ஒவ்வொரு கடை வாசலிலும் கட்டுக் கட்டாகக் கிடந்தது. முகநூலிலும் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் பார்த்துவிட்டு, கழிக்கிறதைக் கழித்து, பொடியனுக்கு ஏதோ வேலை கிடைத்திருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். போட்டிக் கிளப் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவருக்கு எங்கள் ஆட்களில் யாரோ பெருமையாக அதைக் காட்டியிருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. பவுண் குறியையும் இலக்கத்தையும் டெரன்ஸின் முகத்தையும் பார்க்கத் தமிழ் எதற்கு. வரம்புக்குள் முன்னூற்றைம்பது என்று காட்டிவிட்டு, மறைவில் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்று அவர் லீக்குக்கு எழுதிப் போட்டார்.

லீக் லதீசனின் பதிவை நிறுத்திவைத்தது. டெரன்ஸ் எனக்குப் போன் எடுத்தார், அன்றைக்கு அவர் குரலில் சிநேகம் இல்லை. வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. வியாழக்கிழமை லீக்கிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். முகவர் வந்து, பத்திரிகையில் போட்ட தொகை உண்மையல்ல, ஒப்பந்தத்தில் உள்ளதைத் தவிர வேறு பணம் எதுவும் பேசவில்லை என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் போதும், அங்கேயே பதிந்துவிடுவார்கள். புது முகவரைப் போடலாம், ஆனால் அந்த வேலை வெள்ளிக்குள் முடியாது.

"ஒரு கையெழுத்துத்தானே" என்று நான் பெருமூச்சு விட்டேன். அத்தானிடம் நானே போய்ச் சொல்லப் புறப்பட்டேன்.

"நீர் போனால் சண்டையாப் போகும்" என்றார் என் கணவர். "அண்ணையிட்டை நான் பக்குவமாச் சொல்லுறன்."

அவர் மனோர் பார்க்குக்குப் போய்வந்தார். சொன்னீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார். என்ன சொன்னார் என்று கேட்டேன். வாறன் எண்டவர் என்றார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம், அத்தான் இவ்வளவு இலகுவில் அடங்குகிற ஆளில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு லேட் ஷிப்ட். மேலே துருவிக் கேட்க நேரமில்லை.

வியாழக்கிழமை அத்தான் வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்கவேண்டும். பட்டு வேட்டி, ஜரிகைச் சால்வை, கழுத்தில் தடித்த சங்கிலி. பின்னால் கெமராவோடு அந்தப் பத்திரிகையை நடத்துகிற கனகலிங்கம். என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். இந்த மனுசன் போய், "அண்ணை, கிளப்பிலை ஒரு கையெழுத்து வைக்க வரவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பிளேன்டீயையும் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, இப்பவாவது போய்ச் சொல்லுங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அதற்குள் மேலே கூப்பிட்டுவிட்டார்கள்.

லீக்கிலிருந்து வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்கவில்லை. பத்திரிகைப் பக்கத்தை மேசையில் விரித்தார், கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு. பக்கத்தில் பத்திரத்தையும் பேனாவையும் வைத்தார். அத்தான் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன், சந்தனத்துக்குக் கீழே வேர்வை வந்தது. பேனாவை எடுத்தார். எடுத்தவர் பக்கவாட்டில் கனகலிங்கத்தைப் பார்த்தார். கனகலிங்கம் கெமராவை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அந்தப் பத்திரத்தைத் தானும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருக்கிறியளோ?" என்று நான் கனகலிங்கத்திடம் கேட்டேன். "இது குடும்ப விஷயம்."

"நான் ஒண்டும் எழுதமாட்டன் தங்கச்சி" என்றார் அவர். அசையவில்லை. இப்படியொரு கதை காலடியில் வந்து விழுந்தால் எந்தப் பத்திரிகைக்காரன் எழும்பிப் போவான்.

"அவர் இருக்கட்டும், எங்கட ஆள்" என்றார் அத்தான். போகச் சொன்னால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடுமே.

அதிகாரி கேட்டார், "இந்தத் தொகை உண்மையா, திரு. சிவானந்தன்? ஆம் அல்லது இல்லை."

இல்லை என்று ஒரு சொல். அதை ஆங்கிலத்தில் சொன்னால் இன்னும் சின்னது. என் பிள்ளை மேசையின் அந்தப் பக்கத்தில் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் அளந்துவிட்ட வாய், ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னால் அவன் வாழ்க்கை தொடங்கிவிடும்.

அத்தான் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நான் பொய்யை அச்சில் போடுகிற ஆள் இல்லை" என்றார்.

டெரன்ஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்தத் தொகைக்கும் கிளப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவர் சத்தம் போட்டார். லதீசன், "பெரியப்பா, பிளீஸ்" என்றான். நான் பேசினேன். எனக்கு ஆங்கிலம் சுமார்தான், ஜெர்மன் இடையில் வந்து விழும். ஆனாலும் பேசினேன். இந்த மனிதர் வாயைத் திறந்தால் பொய், பெற்றோல் அடித்ததை எரிபொருள் துறை என்பார், என் புருஷன் கோப்பை கழுவியதை ஹோட்டல் நடத்தினார் என்று சொல்லி என் தகப்பனை ஏமாற்றியவர், இது எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரியும், ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றேன். கனகலிங்கத்தின் வாய் பிளந்துகொண்டது. அத்தானின் முகம் கறுத்தது. எனக்கு அது கொஞ்சமும் உறைக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் தாய். உங்கள் மகனுக்காக நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள்" என்றார். "இந்தத் தொகையை மறுக்கவேண்டியது முகவர், அல்லது முகவர் பத்திரத்தில் சாட்சி வைத்தவர்." தாளைப் புரட்டிப் பெயரை வாசித்தார். "திரு. விஜயரத்தினம், பேச்சு நடந்தபோது நீங்கள் இருந்தீர்கள். உங்கள் சகோதரர் சொல்வது உண்மையா?"

எனக்கு உயிர் வந்தது. இவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று நினைத்தேன். பெற்ற பிள்ளை எதிரே இருக்கிறான். நாளையோடு பதிவு முடிகிறது. இல்லை என்று தலையை ஆட்டினாலும் போதும்.

என் கணவர் அண்ணனைப் பார்த்தார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை, சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் கணவர் கனகலிங்கத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி நின்றார், ஏதோ நீதிமன்றத்தில் நிற்பது மாதிரி.

"என் அண்ணன் பொய் சொல்லுகிறவர் இல்லை" என்றார், தெளிவான ஆங்கிலத்தில். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவர் பிழையில்லாமல் பேசிய ஆங்கில வசனம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, இந்தப் பதிவை ஏற்கமுடியாது என்றார். டெரன்ஸ் எங்கள் ஒருவரையும் பார்க்காமல் லதீசனின் தோளில் மட்டும் கையை வைத்தார். அந்த இடத்துக்கு அடுத்த பெயரை நாளைக்கே பதியவேண்டும், தான் இப்போதே போன் எடுக்கவேண்டும் என்று அவனிடம் சொன்னார். அவன் தலையாட்டினான். தாங்க்யூ என்றும் சொன்னான், வளர்ப்பு அப்படி.

படியால் இறங்கும்போதே அத்தானுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "இவங்கள் எங்கட பிள்ளையள் முன்னுக்கு வாறதை விடமாட்டாங்கள். நான் சும்மா விடன். மேலிடத்துக்குப் போவன்" என்றார் கனகலிங்கத்திடம். கனகலிங்கம், அதை அடுத்த இதழில் போடலாமா என்று கேட்டார். போடுங்கோ என்றார் அத்தான். வெட்கம் கெட்ட சென்மம். காறித் துப்பவேண்டும் போல இருந்தது. ஆனால் என் ஆத்திரம் முழுக்க அவர் மேல்தானா என்று கேட்டால், இல்லை. அவர் என்றைக்கும் இருந்த மாதிரித்தான் இருந்தார்.

என் கணவர் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில், வழக்கம் போல, லதீசனின் தோளில் இருந்த பையை வாங்கக் கையை நீட்டினார்.

லதீசன் பையைக் கொடுக்கவில்லை. "அப்பா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, யாரோ முன்பின் தெரியாதவருக்கு வழி சொல்வது போலச் சொன்னான். "நீங்கள் பெரியப்பாவின்ர காரிலை போங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், நான் இடையில் வந்து ஏதாவது சொல்லுவேன் என்று. நான் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைக்க இடம் ஒதுக்கினேன். அந்தப் பக்கத்தில் அத்தான் ஹோர்ன் அடித்தார்.

இவர் போய் ஏறினார்.